அம்மாவின் முதுகு ஆபரேஷனும் அந்த 3 சதவீதமும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். அம்மாவுக்கு 66 வயது. கீழ்முதுகில் தண்டுவடக் கால்வாய் சுருங்கி, பத்து நிமிடம் நின்றாலே இரண்டு கால்களும் மரத்துப்போகின்றன. எல்3 முதல் எல்5 வரை (கீழ்முதுகு எலும்புகளின் எண்கள் இவை) நரம்பை அழுத்தும் எலும்பை எடுத்துவிட்டு ஸ்க்ரூ போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறார். ஹீமோகுளோபின் 10.4. மருத்துவமனையில் ஒரு ஏஐ மென்பொருள் கணக்குப் போட்டு, "ரத்தப்போக்குச் சிக்கல்: 3 சதவீதம், குறைவு" என்று ஒரு தாளைக் கொடுத்திருக்கிறது. இதை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

நான் மயக்கவியல் மருத்துவர். முதுகுத்தண்டு ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் நிற்பதே என் வேலை. என் பதில் இதுதான்: ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தத் தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். தூக்கியும் போடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம், "இந்த 3 சதவீதம் எந்த ரத்தப்போக்குக்கு?" என்று கேளுங்கள்.

ஏன் என்றால், முதுகு ஆபரேஷனில் ரத்தம் இரண்டு விதமாகத் தொல்லை தரும். ஒன்று, தியேட்டரிலும் அடுத்த ஓரிரு நாளிலும் ரத்தம் குறைந்து, வெளியிலிருந்து ஏற்ற வேண்டிய நிலை. இது அடிக்கடி வருவது, சமாளிக்கக்கூடியது. இன்னொன்று, எல்லாம் நல்லபடியாக முடிந்து தையல் போட்ட பிறகு, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த ரத்தம் கட்டியாகி நரம்பை நெரிப்பது. தண்டுவடத்தின் உறைக்கு வெளியே சேரும் இந்த ரத்தக்கட்டுக்கு எப்பிடியூரல் ஹெமடோமா என்று பெயர். இது அபூர்வம். ஆனால் நேரத்தில் கவனிக்காவிட்டால் கால் போகும், சிறுநீர்க் கட்டுப்பாடு போகும். ஒரே 'ரத்தப்போக்கு' என்ற தலைப்புக்குக் கீழே இரண்டையும் போட்டு ஒரு எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

தண்டுவடத்தைச் சுற்றி வலை பின்னினாற்போல் சிரைகள் இருக்கின்றன. 1940இல் ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறோம். கால் சிரைகளில் வால்வு உண்டு, இவற்றில் கிடையாது. வயிற்றில் அழுத்தம் ஏறினால் அது நேராக முதுகுக்குப் போய் இந்தச் சிரைகளை உப்ப வைக்கும், கத்தி பட்டதும் கொட்டும். அதனால்தான் முதுகு ஆபரேஷனுக்கென்றே தனி மேசை வைத்திருக்கிறோம். குப்புறப் படுத்தாலும் வயிறு எதன் மேலும் அழுந்தாமல் தொங்க வேண்டும். நோயாளியைத் திருப்பிப் போட்டதும் நான் முதலில் செய்வது, குனிந்து அவர் வயிற்றுக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பது. கை தாராளமாகப் போய்வர வேண்டும். இடித்தால், நாலு பேராகச் சேர்ந்து மறுபடி தூக்கித் திண்டை நகர்த்துவோம். இரண்டு நிமிட வேலை. அன்றைய ரத்த இழப்பில் பெரும்பங்கு இந்த இரண்டு நிமிடத்தில் தீர்மானமாகிவிடும். ஏஐ கணிப்புக்காக நாங்கள் நிரப்பிக் கொடுக்கும் கட்டங்களில் வயது, எடை, பிளேட்லெட், எத்தனை எலும்புக் கணு என்றெல்லாம் இருக்கிறது. வயிறு தொங்கியதா என்ற கட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

ரத்தக்கட்டு எவ்வளவு அபூர்வம்? 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 1984 முதல் 2002 வரை முதுகு ஆபரேஷன் செய்துகொண்ட 14,932 பேரின் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். ரத்தக்கட்டை எடுக்க ஒரு வாரத்துக்குள் மறுபடி தியேட்டருக்குப் போனவர்கள் 32 பேர். அதாவது ஆயிரத்துக்கு இருவர். மற்ற ஆய்வுகளிலும் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள்தான் வருகிறது. ஆபரேஷன் முடிந்த எல்லோருக்கும் எம்ஆர்ஐ எடுத்தால் பலருக்கும் உள்ளே கொஞ்சம் ரத்தம் தேங்கியிருப்பது தெரியும். அது தானாகக் கரைந்துவிடும். நரம்பை நெரிக்கும் கட்டுதான் நமக்கு எதிரி.

இந்த அபூர்வம்தான் ஏஐக்குப் பெரிய சவால். கணக்காகவே பார்ப்போம். 10,000 பேருக்கு ஆபரேஷன் நடக்கிறது, 20 பேருக்கு ரத்தக்கட்டு வரும் என்று வையுங்கள். மென்பொருள் மிகக் கெட்டிக்காரத்தனமானது என்றும் வைப்போம்: வரப்போகும் 20 பேரில் 18 பேரைப் பிடித்துவிடுகிறது, வராதவர்களில் பத்தில் ஒன்பது பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. வராத 9,980 பேரில் மீதி பத்தில் ஒரு பங்கு, அதாவது 998 பேர், வீணாக 'ஆபத்து' என்ற சிவப்புப் பட்டியலில் விழுவார்கள். மொத்தம் 1,016 பேருக்குச் சிவப்பு, அதில் நிஜம் 18. சிவப்பு வாங்கிய 56 பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் வரும். இன்னொரு பக்கம் பாருங்கள். வருகிற எல்லோருக்கும் 'வராது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டே போனால் அந்த ஸ்டாம்ப் 99.8 சதவீதம் சரியாகச் சொல்லியிருக்கும்! ஆகவே "எங்கள் மென்பொருள் 95 சதவீதம் துல்லியம்" என்று யாராவது விளம்பரம் செய்தால், எதை எத்தனை தடவை பிடித்தது, எத்தனை தடவை தவறவிட்டது என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

இப்போது உங்கள் தாளுக்கு வருவோம். அந்த 3 சதவீதம் ரத்தக்கட்டுக்கான எண் என்றால், ஆயிரத்துக்கு இருவர் என்ற கணக்கைப் போல 15 மடங்கு அது. அதைக் 'குறைவு' என்று எப்படி எழுதலாம்? ரத்தம் ஏற்ற வேண்டி வருவதற்கான எண் என்றால், 10.4 ஹீமோகுளோபினோடு இரண்டு கணுவில் ஸ்க்ரூ போடப் போகிறவருக்கு இது மிகவும் குறைத்துச் சொன்ன எண் என்பேன். எப்படிப் பார்த்தாலும் 'குறைவு' என்ற சொல் இங்கே பொருந்தவில்லை. அதனால்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னேன்.

இந்த மென்பொருள்கள் எப்படிக் கற்கின்றன என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய நோயாளிகளின் விவரங்களைக் கொட்டி, யாருக்கு ரத்தம் போனது, யாருக்குப் போகவில்லை என்று காட்டுவார்கள். ரேண்டம் ஃபாரஸ்ட், எக்ஸ்ஜிபூஸ்ட் போன்ற முறைகள் அதிலிருந்து ஆயிரக்கணக்கான சிறு கேள்விகளை உருவாக்கிக்கொள்ளும். வயது 60க்கு மேலா? நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்ததா? இப்படிப் போகும். மனிதக் கண்ணுக்குப் படாத சேர்க்கைகளை அவை பிடிப்பது உண்மைதான். ஆனால் கற்பதற்கு உதாரணம் வேண்டும். மேலே சொன்ன 14,932 பேரில் உதாரணம் 32தான். புள்ளியியலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: ஒரு காரணியைச் சேர்க்கப் பத்து பாதிப்பாவது கையில் இருக்க வேண்டும். அதன்படி 32 பேரை வைத்து மூன்று காரணியைத்தான் நம்பிக்கையோடு சேர்க்கலாம். நாற்பது காரணிகளை உள்ளே விட்டால் எந்திரம் நோயைக் கற்காது, அந்த 32 பேரை மனப்பாடம் செய்யும்.

அந்த ஆய்வு கண்டுபிடித்த காரணிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 வயதுக்கு மேல், ஆபரேஷனுக்கு முன் வலி மாத்திரை, ஐந்துக்கும் மேற்பட்ட கணுக்கள், ஹீமோகுளோபின் 10க்குக் கீழ், ஒரு லிட்டருக்கு மேல் ரத்த இழப்பு, முதல் 48 மணி நேரத்தில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) 2க்கு மேல். இவற்றோடு ஆர்எச் பாசிட்டிவ் ரத்த வகையும் ஒரு காரணியாக வந்திருக்கிறது. நம் நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் ஆர்எச் பாசிட்டிவ்தான். அங்கே ஆட்களைப் பிரித்துக் காட்டிய காரணி இங்கே யாரையும் பிரித்துக் காட்டாது. வேறு நாட்டு ஆவணங்களில் கற்ற மென்பொருளை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் இப்படித்தான் நடக்கும். அதற்காக அது கெட்ட மென்பொருள் ஆகிவிடாது. நம்மிடம் மறுபடி சோதித்துப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவே.

வலி மாத்திரையையும் பாருங்கள். கேஸ் ஷீட்டில் 'வலி மாத்திரை: இல்லை' என்று இருக்கும். நான் நோயாளியிடம் உட்கார்ந்து, "முதுகு வலிக்கு மெடிக்கல்ல போய் ஏதாச்சும் வாங்கிப் போடுவீங்களாம்மா?" என்று கேட்டால், "அது எப்பவும் போடுறதுதானே டாக்டர், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்று பதில் வரும். சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவதைப் பார்த்தால் டைக்ளோஃபினாக். சீட்டு இல்லாமல் வாங்கியது, எந்தக் கணினியிலும் ஏறாதது. எந்திரத்தைப் பொறுத்தவரை இந்த அம்மா வலி மாத்திரையே தொடாதவர். உங்கள் அம்மாவிடமும் இன்றைக்கே கேளுங்கள். மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து எதுவாக இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மயக்க மருந்து டாக்டர் முன்னால் கொட்டிவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எந்திரம் தவறான பாடம் கற்ற கதையும் உண்டு. அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யார் இறக்கக்கூடும் என்று கணிக்க ஒரு கணினி மாதிரியை உருவாக்கினார்கள். ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு என்று அது கற்றுக்கொண்டது. காரணம், ஆஸ்துமாவோடு நிமோனியா வந்தவர்களை டாக்டர்கள் உடனே ஐசியூவில் சேர்த்துத் தனிக் கவனம் கொடுத்திருந்தார்கள், அதனால் பிழைத்தார்கள். ரிச் கருவானா என்ற ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட கட்டுரை இதை விளக்கியது. நம் விஷயத்திலும் அதே குழி இருக்கிறது. ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களை நாங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கிறோம். மாத்திரையை நாள் கணக்குப் பார்த்து நிறுத்துகிறோம். அதனால் அவர்களுக்குச் சிக்கல் குறைந்தால், மாத்திரை சாப்பிடுவது பாதுகாப்பு என்று எந்திரம் எடுத்துக்கொள்ளக்கூடும்.

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிய எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கும் நிலை) கணிப்பு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கை அது தவறவிட்டிருந்தது. அதே சமயம் அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. நோய் வேறு, பாடம் ஒன்றே. நம் நாட்டிலும் மருத்துவ ஏஐக்கு 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. எந்திரத்தின் முடிவுக்கு மேல் மனிதக் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்பதை அது வலியுறுத்துகிறது.

இவ்வளவு சொன்னதால் நான் ஏஐக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். முதல் வகை, அதாவது ரத்தம் ஏற்ற வேண்டி வருமா என்ற கணிப்பில், அது உண்மையிலேயே உதவும். அடிக்கடி நடப்பது என்பதால் கற்க உதாரணம் ஏராளம். யாருக்கு எத்தனை யூனிட் ஒதுக்கி வைப்பது என்று ரத்த வங்கிக்கு முன்கூட்டியே சொல்ல முடிந்தால், ஒருவருக்காக எடுத்து வைத்து வீணாவது குறையும், தேவைப்படுபவருக்கு ரத்தம் இல்லாமல் போவதும் குறையும். இதைவிட முக்கியம், இந்தக் கணிப்பில் பெரும் எடை போடும் காரணி ஹீமோகுளோபின். அது நம்மால் மாற்றக்கூடியது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு அது இருந்தது. அந்தக் குறைவைச் சரிசெய்யாமலே அவர்கள் அம்மாவின் வயதுக்கு வந்துசேர்கிறார்கள். 10.4 என்பதை "வயசானா அப்படித்தான்" என்று விடாதீர்கள். குளோபிடோக்ரலும் வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுக்குள் சத்தமில்லாமல் ரத்தம் கசியலாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள், இரும்புச்சத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் பலவீனமோ சிறுநீர்த் தொல்லையோ இல்லாதவரை இந்த ஆபரேஷனில் அவசரம் கிடையாது. நாலைந்து வாரம் தள்ளி வைத்து இரும்புச்சத்து ஏற்றிக்கொண்டு போனால், அந்தத் தாளில் இருக்கும் எந்த எண்ணையும்விட அம்மாவுக்கு அது நன்மை.

ட்ரனெக்சாமிக் ஆசிட் என்ற ஊசியையும் விசாரியுங்கள். ஜப்பானில் உத்தாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962இல் உலகுக்குச் சொன்ன மருந்து, விலையும் குறைவு. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரையாமல் பிடித்துக்கொள்ளும். 9,535 பேரை வைத்து நடந்த பாய்ஸ்-3 ஆய்வு 2022இல் வந்தது. இதயத்தைத் தவிர மற்ற ஆபரேஷன்களில், பெரிய ரத்தப்போக்கு இந்த ஊசி போட்டவர்களில் 9.1 சதவீதம், போடாதவர்களில் 11.7 சதவீதம். அம்மாவுக்கு ஸ்டென்ட் இருப்பதால் மயக்க மருந்து டாக்டர் யோசித்துத்தான் முடிவெடுப்பார், அது அவர் வேலை.

ஸ்டென்ட் என்றதும் ஒன்று. ரத்தப்போக்கைக் கணிக்கும் மென்பொருள் தராசின் ஒரு தட்டைத்தான் பார்க்கிறது. குளோபிடோக்ரலை நிறுத்தினால் முதுகில் கசிவு குறையும், ஆனால் ஸ்டென்டில் ரத்தம் உறையும் அபாயம் மறுதட்டில் ஏறும். வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவோம். உங்கள் அம்மாவுக்கு எத்தனை நாள், இடையில் ஆஸ்பிரின் வேண்டுமா, மறுபடி எந்த நாளில் தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் முதுகு சர்ஜனும் பேசி எழுத்தில் தர வேண்டும். தொடங்கும் தேதியைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

பல வருடத்துக்கு முன் ஓர் இரவு. ஊர் வேண்டாம், மருத்துவமனையும் வேண்டாம். இரண்டு கணுவில் எலும்பு எடுத்த நோயாளி, வயது ஐம்பத்தெட்டு இருக்கும். எந்தக் கணக்கிலும் ஆபத்துப் பட்டியலில் வராதவர். மாலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். நள்ளிரவு தாண்டி மூன்றாவது முறையாக வலி ஊசி கேட்டார். டியூட்டியில் இருந்த நர்ஸ் ஊசியை எடுக்கவில்லை. போர்வையை விலக்கி, "அண்ணா, கால் கட்டைவிரலை முகத்தைப் பாத்து இழுங்க" என்றார். வலது விரல் வந்தது, இடது வரவில்லை. மாலையில் வந்த விரல். தொடையின் உட்பக்கம் பஞ்சால் தொட்டால் தெரியவில்லை என்றார் அவர். அந்த நர்ஸ் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்காமல் சர்ஜனுக்கே போன் போட்டார். விடிவதற்குள் தியேட்டரில் தையலைப் பிரித்து ரத்தக்கட்டை எடுத்தோம், கரும்பழுப்பு நிறத்தில் ஜெல்லி போல வந்தது. பத்து நாளில் நடந்து போனார். இன்னொரு நோயாளிக்கு இதே அறிகுறியைக் 'காலை ரவுண்ட்ஸில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்ட இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அவர் கடைசிவரை சிறுநீர்க் குழாயோடுதான் இருந்தார். 12 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டை எடுத்தவர்களுக்கு நரம்பு நன்றாகத் திரும்புகிறது என்று 1995லேயே ஆய்வு வந்துவிட்டது. ஆறு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது.

அதனால்தான் சொல்கிறேன், ஏஐயின் எண்ணை வைத்து அடுத்து என்ன செய்வார்கள் என்பதே கேள்வி. 56 சிவப்பில் ஒன்றுதான் நிஜம் என்றேன். அதை நம்பி ஆபரேஷனையே ரத்து செய்தால் 55 பேருக்கு அநியாயம். ஆனால் சிவப்பு வந்தவர்களின் கால்களை இரவில் மணிக்கு ஒரு முறை அசைத்துப் பார்ப்பதற்கு என்ன செலவு? அப்படிப் பயன்படுத்தினால் அந்த மென்பொருள் தங்கம். 'குறைவு' என்று வந்தவரை ஒரு மூலையில் தள்ளி, நர்ஸ் எண்ணிக்கையைக் குறைக்கப் பயன்படுத்தினால், தவறவிட்ட அந்த இருவர் அங்கேதான் படுத்திருப்பார்கள்.

மருத்துவமனையில் கேளுங்கள்: இந்த மென்பொருளை உங்கள் நோயாளிகளிடம் சோதித்தீர்களா? அம்மாவுக்கு 'அதிகம்' என்று வந்திருந்தால் எதை மாற்றியிருப்பீர்கள்? முதல் 24 மணி நேரம் கால் அசைவை யார், எத்தனை மணிக்கு ஒரு முறை பார்ப்பார்கள்? நடுராத்திரியில் எம்ஆர்ஐ எடுக்க முடியுமா, தியேட்டர் திறக்குமா? கடைசி இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடமாக இருந்தால், அவர்கள் கையில் எத்தனை நல்ல மென்பொருள் இருந்தாலும் நான் வேறு இடம் பார்ப்பேன்.

துணைக்கு நீங்கள் இருந்தால் முதல் இரவு தூங்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே அம்மா எப்படி விரலை இழுக்கிறார், பாதத்தை எவ்வளவு பலமாக அழுத்துகிறார் என்று உங்கள் கையால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிட அதுதான் அளவு. ஊசிக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, முன்பு அசைந்த விரல் அசையாதது, உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரமரப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆள் கூப்பிடுங்கள். காயத்திலிருந்து ரத்தத்தை வடிக்கும் டிரெயின் குழாயில் ரத்தம் வரவில்லையே என்று நிம்மதி வேண்டாம், குழாய் அடைத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்வது வெளியே தெரியாது. அதை எடுத்த பிறகு ஆறு மணி நேரத்தில் அம்மா தானாகப் போகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். "இப்பத்தானே பாத்துட்டுப் போனேன்" என்று யாராவது அலுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, மறுபடி கூப்பிடுங்கள்.